செல்லம் போட்ட வயர்

வீரமுத்து கெட்ட மனுஷன் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் வரப்போகிறதைக் கேட்டால் யாருக்கும் அவன்மேல் எரிச்சல் வரும். செல்லத்துக்கே வந்தது. கட்டின பெண்டாட்டிக்கு வராமல் பக்கத்து வீட்டுக்காரிக்கா வரும்?

பெக்கான் நானாஸ் என்கிற ஊரில் அன்னாசி ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன் அவன். ஒரு சுருள் கறுப்பு டேப் கையில் கிடைத்தால் போதும், உலகத்தில் உடைந்தது எல்லாவற்றையும் ஒட்டிவிடுவான். விளக்குமாறு, மீன்தொட்டிக் குழாய், ஒரு தடவை செல்லத்தின் செருப்பு. அப்படிப்பட்டவன் கையில்தான் செல்லத்தின் கார், அந்த ஊர்ப் பேச்சில் காடி, மாட்டியது.

காடி பழசு. ஆனால் அவளுடையது. நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்து, கெலாங் பாத்தாவில் காடிகளுக்கு வயர் கட்டுகிற பேக்டரிக்கு அதில்தான் போய்வருகிறாள். அதற்கு முன்னால், யாராவது ஏற்றிக்கொண்டு போக மாட்டார்களா என்று வாசலில் நின்று நின்றே அவள் காலம் போனது. இப்போது அவளே இன்னொருத்தியை ஏற்றிக்கொள்கிறாள். கூட வேலை செய்கிற தேன்மொழி வழியில் ஏறி, முன்சீட்டில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, மாமியார் கதை, சூப்பர்வைசர் கதை என்று ஒன்றுவிடாமல் அளப்பாள். செல்லம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வருவாள். ஒரு நாளில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்த நேரம்தான்.

விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அன்னாசிக் காட்டு ரோட்டில் அந்நேரத்துக்குப் பனி இறங்கிக் கிடக்கும். ரோட்டை ஒட்டியே பெரிய கால்வாய் வேறு. "ஃபோக் லைட் போட்டுத் தரேன் பாரு, பனியெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்று வீரமுத்துதான் ஆசை ஆசையாக மஞ்சள் விளக்கு ஒரு ஜோடி வாங்கி வந்து பம்பரில் மாட்டினான். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. குறைச்சல் எல்லாம் வேலையில்.

செல்லம் எட்டிப் பார்த்தாள். ஹெட்லைட்டுக்குப் போகிற வயரின் தோலைக் கீறி, அதிலேயே புது வயரைச் சுற்றி முறுக்கி, மேலே டேப்.

"ஏங்க, முறுக்கி விட்டா நிக்காதுங்க. எங்க பேக்டரியில..."

"உன் பேக்டரி கதைய விடு லா. அங்க நீ மேசையில உக்காந்து கம்பி சொருகுற. இது ரோட்டுல ஓடுற காடி. எத்தன வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

மறுநாள் ஆயுத பூஜை. நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை எதுக்கு என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியிருக்கக் கூடாது.

பூஜை பிரமாதம். வீரமுத்து பானெட்டைத் திறந்துவைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் காடியைக் குளிப்பாட்டினான். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, அவனுடைய டேப் சுருள் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். செல்லத்தின் கிரிம்ப் பிளையர் அலமாரியில் கிடந்தது. வயர் முனையில் உலோகக் குப்பியை வைத்து நசுக்கிப் பிடிக்க வைக்கிற பிளையர், அவள் சொந்தமாக வாங்கியது. அதை யாரும் பூஜைக்குக் கூப்பிடவில்லை. பிறகு சொம்பில் மஞ்சள் தண்ணீர், மாவிலை. புது விளக்குக்குக் கூடுதலாகத் தெளிக்க வேண்டுமாம். இலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையால் அள்ளி அள்ளி அடித்தான். விளக்கின் முகத்துக்கு, முதுகுக்கு, அந்த டேப்புக்கு. ஐயோ, அலமாக்! எந்தச் சாமி வந்து அந்த டேப்பைக் காப்பாற்றும்?

அடுத்த நாள் விடியற்காலை, தேன்மொழி பாதிக் கதையில் இருந்தாள். கால்வாய் வளைவு வந்தது. மஞ்சள் விளக்கு ஒரு துடி துடித்தது. உடனே அதுவும் போய், ஹெட்லைட்டும் போய், முன்னால் ஒன்றுமே இல்லாமல் போனது. செல்லம் பிரேக்கை மிதித்த மிதியில் காடி புல்லில் ஏறி நின்றது. தேன்மொழி போட்ட கூச்சல் அடங்கினபிறகு, பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. போன் வெளிச்சத்தில் இறங்கிப் பார்த்தால், முன்டயருக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு ஆள் படுக்கக்கூட இடமில்லை.

அதோடு தேன்மொழி புருஷனுடைய மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா, வீட்டுல பயப்படுறாங்க" என்றாள். செல்லம் கோபித்துக்கொள்ளவில்லை. அவளே வீட்டு வாசலில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு, சாவியைத் திருப்பாமலே இறங்கிவிட்டாள்.

"விடும்மா, இனிமே நானே கொண்டுபோய் விடுறேன்" என்றான் வீரமுத்து. அன்பாகத்தான் சொன்னான், பாவம். மறுபடியும் வாசலா? மறுபடியும் அவன் எழுந்தானா, குளித்தானா, சாவி எங்கே என்று பார்த்துக்கொண்டு நிற்பதா? பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாமான் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கிவந்து பானெட்டைத் திறந்தாள். வீரமுத்து டேப்போடு ஓடி வந்தான்.

"அத அங்கயே வைங்க. வந்து இந்த வயரப் புடிச்சு இழுங்க."

இரண்டு விரலால் இழுத்தான். மீ நூடுல்ஸ் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. டேப்புக்குள்ளே இன்னும் ஈரம். பிரிந்த கம்பி காடியின் உடம்புத் தகட்டில் உரசிக் கருகியிருந்தது.

"சரி, ஃபோக் லைட் போச்சு. ஹெட்லைட் ஏன் போகணும்?"

"எல்லாத்தையும் ஒரே வயர்ல தொங்க விட்டீங்கள்ல? இது ஷார்ட் ஆனதும் ஹெட்லைட்டோட பியூஸும் சேர்ந்து போச்சு. கண்ணு ரெண்டையும் ஒரே நேரத்துல குத்திட்டீங்க."

அவன் குனிந்து அந்தக் கருகலை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

செல்லம் வேலையை ஆரம்பித்தாள். ஹெட்லைட் வயரின் கீறலை மூடி, அதற்குப் புது பியூஸ் போட்டாள். பேட்டரியிலிருந்து ஃபோக் லைட்டுக்கென்று தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென்று தனி பியூஸ். நடுவில் ஒரு ரிலே. சுவிட்சைப் போட்டால் ரிலேதான் பேட்டரியிலிருந்து கரண்டை வாங்கி விளக்குக்குக் கொடுக்கும், ஹெட்லைட் வயர் பக்கமே போகாது. வயரின் கனத்துக்குச் சரியான குப்பி பார்த்து எடுத்து, தோலை உரித்து, ஒரு கம்பி இழைகூட அறுந்துவிடாமல் உள்ளே விட்டு, பிளையரால் நசுக்கினாள். அதன்மேல் பசை வைத்த குழாயை இழுத்துவிட்டுச் சூடு காட்டினாள். குழாய் சுருங்கி, இரண்டு ஓரத்திலும் பசை கசிந்து, தண்ணீர் புக வழி இல்லாமல் மூடிக்கொண்டது. எர்த் வயருக்குத் தகட்டில் பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி முடுக்கினாள். இன்ஜின் சூடு படாத பக்கமாக வயரைக் கொண்டுபோய்க் கட்டினாள். விளக்குக்குள் போகிற இடத்தில் மட்டும் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டாள்.

"இது ஏன் தொங்குது?"

"மழைத் தண்ணி வயர் வழியா இறங்கினா, இந்த வளைவுலயே சொட்டிடும். உள்ள ஏறாது."

"ஓ."

பேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. போட்ட இணைப்பை இழுத்துப் பார்க்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. "இழுங்க" என்றாள். வீரமுத்து விரலால் இழுத்தான். "சாப்பிடலையா நீங்க? இழுங்கன்னா!" பம்பரில் காலை ஊன்றி, அன்னாசி மூட்டை தூக்குகிற கையால் இழுத்தான். முகம் சிவந்தது, வயர் வரவில்லை. அவன் வயரையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். பிறகு தானாகவே குனிந்து அடுத்த இணைப்பைப் பிடித்து இழுத்தான். ஒன்று பாக்கி விடவில்லை. கடைசியில் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தாமல் ரோட்டைப் பார்க்கும்படி இருவரும் சேர்ந்து சாய்த்து வைத்தார்கள்.

திங்கட்கிழமை விடியவில்லை இன்னும். செல்லம் சாவியோடு வெளியே வந்தால், வீரமுத்து குளித்து, கைலி கட்டி, மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறான். திருஷ்டி கழிக்கிறானாம். கூரைக்குத் தெளித்தான், கதவுக்குத் தெளித்தான், பூட்டுக்குத் தெளித்தான். முன்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூனை மாதிரி சுற்றிக்கொண்டு போனான்.

"முன்னால யாரு தெளிப்பா?"

"வேணாம் செல்லம்..."

அவள் சொம்பைப் பிடுங்கினாள். விளக்கைப் போட்டாள். பானெட்டைத் தூக்கி, தான் போட்ட இணைப்புகள் மேலேயே சொம்பைக் கவிழ்த்தாள். "அடியே!" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மஞ்சள் தண்ணீர் வயர் வழியாக இறங்கி, அந்த வளைவில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. விளக்கு இமைக்கவில்லை.

வீரமுத்து உள்ளே ஓடினான். குங்குமச் சிமிழும் கிரிம்ப் பிளையருமாக வந்தான். பிளையருக்குப் பொட்டு வைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். "அன்னைக்கே வச்சிருக்கணும்" என்றான். செல்லம் அதை வாங்கிக்கொண்டு பானெட்டை மூடி, காடியில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்தால் அவனும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்க எங்க?"

"துணைக்கு வரேன். பயமா இருக்குமே?"

இருந்ததுதான். "இறங்குங்க" என்றாள். "அது தேன்மொழி சீட்டு."

கால்வாய் வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துத் திருப்பினாள். மஞ்சள் வெளிச்சம் பனிக்கு அடியில் படுத்து, புல் விளிம்பு வரைக்கும் ரோட்டைக் காட்டிக்கொண்டே போனது.

தேன்மொழி வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடித்தாள். தேன்மொழி ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள். விளக்கைப் பார்த்தாள், குனிந்து உள்ளே செல்லத்தைப் பார்த்தாள்.

"யாருக்கா இந்த வாட்டி வயர் போட்டது?"

"நான்தான்."

தேன்மொழி திரும்பி ஹெல்மெட்டைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வந்து ஏறினாள்.

"பெல்ட்டப் போடு" என்றாள் செல்லம். "அன்னைக்குப் பாதியில விட்ட கதைய முதல்ல இருந்து சொல்லு."