தொள்ளாயிரத்துப் பத்து கிராம்

ரெண்டு நாளாக மாரிட் சரியாகச் சாப்பிடவில்லை என்று நர்ஸ் டெலோரஸ் போனில் கத்தினாள். "எல்லாம் உன் ப்ரோகிராம் பண்ற வேலை, ஹாங்க்! மேல போய்ப் பாரு."

மாரிட்டுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்துவிட்டாள். குழந்தை கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இவளுக்குத் தொற்று, ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கக் கூடாது. அதனால் கட்டிலருகே ஒரு கம்ப்யூட்டர் வைத்து, கீழே தராசு காட்டும் குழந்தையின் எடை அதன் திரையில் தெரியும்படி நான்தான் செய்து கொடுத்தேன். டுலூத் நகர ஆஸ்பத்திரிகளிலேயே எனக்கு நிகரான ப்ரோகிராமர் கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

போனேன். திரையில் 910 என்று நின்றது. தட்டில் ஹாட்டிஷ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட சாப்பாடு, ஆறிக் கிடந்தது.

"ஆறு நாளா ஒரு கிராம்கூட ஏறல," என்றாள் மாரிட். "டெலோரஸ் ஏறுதுங்கிறாங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவ பொழைக்க மாட்டா, அதானே?"

கீபோர்டை இழுத்து ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன். உள்ளே தகவலில் எடை தினமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 'மாறிவிட்டது' என்று திரைக்குச் சொல்லும் ஒரு வரியை, பாவி, நான் எழுதவில்லை. கீழே நர்ஸுகள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் திரையில் அந்த ஜன்னலை மூடித் திறப்பார்கள், புது எண் வந்துவிடும். இவள் ஒரு நிமிடம்கூட அதை மூடவில்லை.

"தப்பு என்னோடதும்மா. குழந்தை நல்லா இருக்கா." அந்த வரியைச் சேர்த்து மறுபடி திறந்தேன். 992.

அவள் முகம் மாறவில்லை. "இப்ப நீங்கதானே ஏதோ தட்டினீங்க?"

நியாயம்தானே! கீழே குழந்தையின் பக்கத்தில் இருந்த டெலோரஸைப் போனில் கூப்பிட்டு, குழந்தையை இப்போதே எடை போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். கீபோர்டை மாரிட்டின் மடியில் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

எண் மாறியது. 996. உடனே 985. பிறகு 1004. 990. நிற்கவே இல்லை.

போச்சுடா, இன்னொரு கோளாறு! "டெலோரஸ், எண் கண்டபடி ஆடுது. தராசு கெட்டுப்போச்சா?"

"தராசுக்கு என்ன கேடு? உதைக்கிறா! ரெண்டு காலையும் தூக்கித் தூக்கி உதைக்கிறா. இரு, காலைப் பிடிச்சுக்கிறேன், அப்பத்தான் எண் நிக்கும்."

மாரிட் திரையைத் தொட்டாள். எண் அவள் விரலுக்கடியில் குதித்துக்கொண்டிருந்தது.

"பிடிக்காதீங்க, டெலோரஸ்," என்றாள் அழுதுகொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம் உதைக்கட்டும்."