கிழக்கு வளவின் முப்பத்தெட்டுப் பெயர்கள்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இருக்கும் கிழக்கு வளவு என்ற சின்னக் குடியிருப்பில், வாக்காளர் பட்டியலிலிருந்து முப்பத்தெட்டுப் பெயர்கள் காணாமல் போயிருந்தன. முப்பத்தெட்டும் ஆண்கள். எல்லோருமே போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் கிடப்பவர்கள். கேட்டவுடன் எவருக்கும் சதி என்றுதான் தோன்றும். பிரவீனாவுக்கும் முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் தோன்றியது. அவள் புருஷன் நந்தகுமாரின் பெயரும் இல்லையே.

அப்புறம்தான் தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை அவளுக்கு நினைவு வந்தது.

வளவில் ஒரு வழக்கம் உண்டு. ரிக் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால், ஆள் திரும்பி வரும் நாளை வீட்டுப் பெண் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் போர்வெல் குழிக்குள் துளைக்கும் ராடு மாட்டிக்கொள்ளும், ஆளுக்கும் ஆகாது. நல்லம்மாள் ஒரு தடவை, ஆடிப் பண்டிகைக்கு வந்துவிடுவார் என்று மளிகைக் கடையில் நின்று சொல்லித் தொலைத்தாள். அவள் புருஷன் ஆனியிலேயே வந்துவிட்டான், வலது கையில் இரண்டு விரல் இல்லாமல். அன்றிலிருந்து போஸ்ட்மேன் கேட்டாலும் சரி, பெற்ற தாய் கேட்டாலும் சரி, ‘தெரியாதுங்க’ என்பதுதான் பதில்.

இரண்டு மாதத்துக்கு முன் அங்கன்வாடி டீச்சர் அன்புச்செல்வி பட்டியல் சரிபார்க்க வீடு வீடாக வந்தாள். ஆள் எங்கே என்றாள். வெளியூர் என்றார்கள். எப்போது வருவார் என்றாள். முப்பத்தெட்டு வீட்டிலும் ஒத்திகை பார்த்தது போல ஒரே பதில். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வளவுப் பழக்கம் அவளுக்கு எங்கே தெரியும்? நிரந்தரமாகப் போய்விட்டவர்கள் என்று எழுதிவிட்டாள். இன்னொரு தரம் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை, அது அவள் தப்புதான்.

பெண்களுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் எங்கோ ஏசி ரூமில் ஒருவன் உட்கார்ந்து கிழக்கு வளவை ஒழிக்கத் திட்டம் போட்டான் என்றால் வளவுக்கு ஒரு கெத்து இருக்கிறது. தெரியாதுங்க என்று சொல்லி நாமே கெடுத்துக்கொண்டோம் என்றால் என்ன இருக்கிறது? அதோடு வளவு முன்பே ஏமாந்த வளவு. போன பஞ்சாயத்துத் தேர்தலில் வாக்குச்சாவடியைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். கேட்டபோது, தண்டோரா போட்டோமே என்று கூசாமல் சாதித்தார்கள். அந்தக் கோபம் நிஜமானது. அதன் மேல் எதை வைத்தாலும் நின்றது.

வைப்பதற்கு சிவக்குமார் இருந்தார். நந்தகுமாரின் அண்ணன், வளவு வாட்சப் குழுவின் அட்மின். அங்கன்வாடியில் எடை மெஷின் ரிப்பேர் பார்க்க வந்த ஆள், அவர் கைவண்ணத்தில் லேப்டாப்போடு வந்த மர்ம ஆசாமி ஆனான். டீச்சரின் புது ஸ்கூட்டர் சாட்சி ஆனது. அவள் சிரித்தால் திமிர், சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி.

விட்டுப்போன பெயரைச் சேர்க்க, கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குள் அங்கன்வாடியில் படிவம் கொடுக்க வேண்டும். அன்று மத்தியானம், சிவக்குமார் மாரியம்மன் கோயில் முன்னால் இரண்டு வேன்களை நிறுத்தினார். நாமக்கல் போய் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும், சதிகாரி அன்புச்செல்வியை வேலையை விட்டுத் தூக்க வேண்டும். மகளிர் குழுத் தலைவி என்பதால் முதல் கையெழுத்து பிரவீனாவுடையது.

அவள் மனுவை இரண்டு தடவை படித்தாள். போட்டால் ஒருத்தியின் வேலை போகும், ஐந்து மணி தாண்டிவிடும், முப்பத்தெட்டுப் பேருக்கும் இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. போடாவிட்டால் சொந்த வளவிலேயே அவள் துரோகி.

“ஏனுங்க மாமா, இதுல கையெழுத்துப் போட்டா எங்கூட்டுக்காரரு பேரு ஏறிருமுங்களா?”

அது அப்புறம், முதலில் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும் என்றார் சிவக்குமார்.

“குத்தவாளி நாந்தானுங்க. எப்ப வருவாருன்னு டீச்சர் கேட்டாங்க. தெரியாதுங்கன்னு நாந்தான் சொன்னேன். இங்க நிக்கற அத்தன பேரும் அதையேதான் சொன்னாங்க. அப்பறம் அந்தப் புள்ள என்னத்த எழுதும்?”

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சிவக்குமார் மட்டும் அசரவில்லை. வருத்தத்தோடு தலையாட்டினார்.

“உன்னையும் புடிச்சுட்டாங்களா, சாமி?”

அந்த இரக்கம்தான் பிரவீனாவுக்குப் பொறுக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எதைச் சொன்னாலும் அந்தக் கதை வாயைத் திறந்து விழுங்கிக்கொள்கிறது, இப்போது அவளையும் விழுங்கிவிட்டது. மனுவை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“எங்கூட்டுக்காரரு பங்குனி பன்னெண்டாந் தேதி வாராரு. எல்லாரும் கேட்டுக்கங்க.”

மாமியார் சென்னியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள், போய் வாயைக் கழுவடி என்று கத்தினாள். நல்லம்மாள் புருஷனின் கை பிரவீனாவின் கண் முன்னால் வந்து போனது. ஆனாலும் வாயைக் கழுவவில்லை. அங்கன்வாடியைப் பார்த்து நடந்தாள்.

அழுது சிவந்த கண்ணோடு அன்புச்செல்வி படிவத்தை நீட்டினாள். பிரவீனா நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். வேன்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போனும் கத்தியது. பிரவீனாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று குழுவில் செய்தி, அடுத்த நிமிடமே அவளைக் குழுவிலிருந்து நீக்கியும் ஆயிற்று. அவள் போனை அணைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

மூன்றரை வரை ஒரு ஈ காக்கை இல்லை. அப்புறம் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக நல்லம்மாளே வந்தாள்; விரல் போன பிறகும் அவள் புருஷன் ரிக்குக்குத்தான் போகிறான். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். மற்றவர்கள் வேனில் நாமக்கல் போய்க்கொண்டிருந்தார்கள், வீட்டு ஆண்களின் வாக்கையும் கூடவே ஏற்றிக்கொண்டு. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சிவக்குமாரின் மனைவி சரிதா மூச்சு வாங்க வந்து நின்றாள். தலைவலி என்று சொல்லிப் பாதி வழியில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவள் மகன் இளஞ்செழியனும் ரிக்கில்தான் இருக்கிறான்.

“நான் வந்தத மாமாகிட்டச் சொல்லிப்போடாத, பிரவீனா.”

“நாஞ் சொல்ல மாட்டனக்கா. நீயே சொல்லு.”

படிவத்தில் திரும்பும் நாள் என்று இருந்த இடத்தில் அன்புச்செல்வி பேனாவை வைத்துக் காத்திருந்தாள். சரிதா குனிந்து பிரவீனாவின் காதுக்குள் என்னவோ முணுமுணுத்தாள்.

“கேக்கலக்கா,” என்றாள் பிரவீனா. “எழுதறவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லு.”

வாசலில் பதினொரு பெண்களும் நின்றிருந்தார்கள். சரிதா அவர்களைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், நிமிர்ந்தாள்.

“எம்பையன் சித்திர மூணாந் தேதி வாரான்,” என்றாள், கோயில் வரை கேட்கும்படி.