சாந்த சொரூபியின் பிரஷர்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தையல் கடையில் யாராவது ஒரு காஜாவைக் கோணலாக எடுத்துவிட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்ட பிறகு, டாக்டரம்மா "இனிமே கோபப்படக் கூடாது" என்று சொன்னார். அன்றிலிருந்து மனிதர் சாந்த சொரூபி.

எதற்கெடுத்தாலும் "பரவாயில்ல". குழம்பில் உப்பில்லையா, பரவாயில்ல. பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலை அடைத்து வண்டியை நிறுத்தினாரா, பரவாயில்ல. எனக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம்தான்.

ஆனால் மாத்திரை போட்டும் பிரஷர் இறங்குவேனா என்றது. "இப்படியே இருந்தா கடைப் பக்கம் போகாதீங்க" என்றார் டாக்டரம்மா. மெஷினை மிதிக்காவிட்டால் இவர் பாதி ஆள்.

கடையைப் பார்த்துக்கொண்டது என் தம்பி. தங்கமான பையன், கத்திரிக்கோலுக்கும் அவனுக்கும்தான் ஏழாம் பொருத்தம். ஒரு நாள் மதியம் முகத்தில் ஈயாடாமல் ஒரு பையோடு வந்தான். உள்ளே வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டு. துணியைத் திருப்பிப் போடாமல் ஒரே பக்கமாக வைத்து வெட்டி, இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்திருந்தான்.

"மாமா கண்ணுல காட்டாத" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் அதைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். கைகளைப் புரட்டிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"பரவாயில்ல மாப்ள" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன பரவாயில்ல? கோட்டுக்காரருக்கு ரெண்டும் இடது கையா? வாயத் தொறந்து நாலு வார்த்தை திட்டித் தொலைங்களேன்!"

"திட்டினா செத்துடுவேனோன்னு பயமா இருக்குடி."

இவர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "தூங்கினா முழிப்பேனான்னு பயம். சொன்னா நீ ஒடஞ்சுடுவேன்னு சொல்லல."

"எனக்கு மட்டும் பயமில்லையா? நீங்க தூங்கினதும் மூக்குகிட்ட விரல வச்சு மூச்சு வருதான்னு பாக்கறேன்."

நிமிர்ந்தார். "அது நீதானா? எலின்னு நெனச்சு கண்ண மூடிட்டுக் கெடந்தேன்!"

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன்பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியைத் திட்டினார். கத்தவில்லை. ஆனால் ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த முறை எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். "அடிக்கடி வெடிக்கறதும் இதயத்துக்கு ஆகாது, உள்ளயே போட்டுப் பூட்டறதும் ஆகாது. மனசுல இருக்கறத நிதானமாச் சொல்லிப் பழகுங்க" என்றவர் பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. காலையில் கொஞ்ச நேரம் கடைக்குப் போகலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளாடி நீ இத அடக்கி வச்சிருந்த?" என்றார். "வா உள்ள, உனக்கும் பிரஷர் பாத்துடலாம்."