மரியதாசன் வீட்டுக்கு ஒரு மலிவான ஏசி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. என் தலையில் கட்டப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு மரியதாசன் பூசை முடிந்த கையோடு மூன்று காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மௌலி அண்ணை, நீங்கள் எஞ்சினியர்தானே. இதில எதை எடுக்கிறதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. மலிவாயும் இருக்கோணும், வீடும் சூடாகோணும்."

மூன்றும் சென்ட்ரல் ஏசி பொருத்தித் தரும் கம்பெனிகளின் விலைப்புள்ளிகள். கோடையில் குளிர்விக்கும், குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் மின்கம்பிகள் சூடேறி வீட்டைச் சூடாக்கும். இரண்டும் ஒரே மிஷின், சூடு மட்டும் வேண்டியவருக்கும் ஏசி சேர்ந்தே வரும். மூன்று காகிதங்களும் பிரெஞ்சில் இருந்தன.

நான் எஞ்சினியர்தான். ஓய்வு பெறும்வரை பாலங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பாலங்களுக்கு ஏசி கிடையாது. ஆனால் எங்கள் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் தமிழர்களுக்குள் ஒருவன் எஞ்சினியர் என்று தெரிந்துவிட்டால் போதும், பாத்திரம் கழுவும் மிஷினிலிருந்து காது கேட்கும் கருவிவரை அவனிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காகிதங்களை வாங்கி மேஜையில் வைத்தேன். அவர் போனதும், ஏசியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக ஒரு கதையின் முதல் வரியை எழுதினேன். சும்மா இருக்கும் எஞ்சினியர்களுக்கு வரும் வியாதி இது.

2

முதல் வரி:

மரியதாசனின் வீடு அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு —

ஒரு என்ன? கல்லறை என்று எழுதினேன். என் மனைவி பத்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்கணும், ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது வரி:

தன் வீட்டுக்குள் நிலவும் பருவத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று மனிதன் நினைக்கத் தொடங்கிய நாளிலிருந்து —

இதையும் பத்மா படித்தாள். காபி போடப் போய்விட்டாள். நானே அடித்துவிட்டேன்.

மூன்றாவது: மரியதாசன் உறைந்த உணவுக் கிடங்கில் வேலை செய்கிறார்.

இது நின்றது. உண்மை என்பதால் நின்றது என்று நினைக்கிறேன். மரியதாசன் நாள் முழுவதும் உறைந்த மீனுக்கும் உறைந்த பட்டாணிக்கும் நடுவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியது சூடு ஒன்றுதான். கோடையில் எல்லோரும் வெந்துகொண்டிருக்கும்போது அவர் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு மகிழ்ச்சியாக உட்கார்ந்திருப்பார். ஏசி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. "மன்னாரில ஏசியே வைச்சிருந்தனாங்கள்?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஏன் மூன்று கம்பெனிக்காரர்களை வீட்டுக்கு அழைத்தார்? ஒரு கதாபாத்திரம் தன் குணத்துக்கு மாறாக ஏதாவது செய்தால், எழுதுகிறவன் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

3

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நவம்பரிலிருந்து அவர் வீடு சூடாகவில்லை. நிலவறையில் இருக்கும் பழைய மின்சார ஃபர்னஸ் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. வீட்டின் சூட்டை அளந்து ஃபர்னஸை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும் தெர்மோஸ்டாட்டின் முள்ளை இருபத்திரண்டில் வைத்திருக்கிறார். உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பல் கிட்டுகிறது. மரியதாசன் முள்ளைக் கூட்டிக்கொண்டே போனார். கொஞ்சம் சூடானது, மறுபடி குளிர்ந்தது. கடைசியில் முள் அதற்கு மேல் போகவில்லை. வந்த கம்பெனிக்காரர்கள் மூவரும் பக்கவாசல் வழியாக நேரே நிலவறைக்கு இறங்கி, ஃபர்னஸின் வயதைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். புதிது விற்க வந்தவர்கள் பழையதைப் பார்த்து வேறு எப்படித் தலையை ஆட்டுவார்கள்?

மரியதாசன் இரவில் ஜாக்கெட்டோடு படுத்தார். "வேலையிலயும் ஐஸ், வீட்டிலயும் ஐஸ். நான் என்ன, சூரை மீனே?" என்று என்னிடம் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

அவர் மனைவி றோஸ்மேரிக்கு இந்த ஏசி வேறு காரணத்துக்கு வேண்டும். மகள் ஷெரோனுக்கு ஜூலையில் பிரசவம். முதல் பிள்ளை. ஷெரோனும் புருஷனும் செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். அங்கே கோடையில் அடுப்பைப் பற்றவைக்கவே தேவையில்லை. பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டுக்குத்தானே வர வேண்டும்? ஆனால் போன ஜூலையில் ஒரு வாரம் தங்கப்போவதாகச் சொல்லி வந்தவள் இரண்டாம் நாளே வெக்கை தாங்காமல் கிளம்பிப் போய்விட்டாள். இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஸ்பீக்கரில் பேசியதால் நானும் கேட்டேன்.

"அம்மா, ஐ'ம் சீரியஸ். ஏசி இல்லாட்டி நான் பேபியோட ஸ்கார்பரோவுக்கு மாமியிட்டப் போறன். அங்க சென்ட்ரல் இருக்கு."

ஸ்கார்பரோ காரில் ஐந்து மணி நேரம். றோஸ்மேரி "ஓம் பிள்ளை" என்றார். போனை வைத்துவிட்டு வெங்காயம் உரித்தார். உரிக்க வேண்டிய வெங்காயம் அவ்வளவு இல்லை.

4

(இந்தப் பகுதி ஏசி வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும். கதை வேண்டுபவர்கள் ஐந்துக்குப் போகலாம்.)

முதல் காகிதம், வெளிக்காற்றிலிருந்தும் சூட்டை இழுத்துக்கொள்ளும் ஹீட் பம்ப். மின்சாரக் கட்டணம் மிச்சமாகும். விலையைப் பார்த்தால் மிச்சம் தெரிவதற்குள் எங்கள் தலைமுறை முடிந்துவிடும். இரண்டாவது, ஏசியும் மின்கம்பிச் சூடும் சேர்ந்த சாதாரண மிஷின். மூன்றாவதும் அதேதான், ஆனால் தேவைக்கு மேல் பெரியது, தள்ளுபடியில். மரியதாசனுக்கு மூன்றாவதில்தான் கண்.

"பெரிசாப் போட்டாக் கெதியாக் குளிரும், கெதியாச் சூடாகும். அதோட மலிவு. என்ன அண்ணை?"

வேண்டாம் என்றேன். அளவுக்கு மீறிய ஏசி சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. வீடு குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும். இதை நான் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பாலம்கூட என்னை இவ்வளவு படிக்க வைத்ததில்லை.

5

ஐந்தாம் பகுதியில் வீட்டை வர்ணிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வெறும் சூழலுக்காக. இப்படி எழுதினேன்:

வாசல் கதவைத் திறந்தால் ஒரு ஒடுங்கிய நடைவழி. இடது பக்கம் கோட்டு மாட்டும் கொக்கிகள். வலது பக்கச் சுவரில் தெர்மோஸ்டாட். அதற்கு நேர் கீழே ஒரு சிறிய, கனத்த மரமேசை, அதன் மேல் நீலத் துணி விரித்து மடு மாதாவின் சுரூபம், அதன் முன்னால் கண்ணாடிக் குவளைகளில் எரியும் மெழுகு —

[இங்கே நிறுத்தினேன்.]

பேனாவை வைத்துவிட்டு, எழுதியதை மறுபடி படித்தேன். தெர்மோஸ்டாட். நேர் கீழே. எரியும்.

சூடான காற்று மேலே போகும். இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. சாம்பிராணி போட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாதாவின் மெழுகுவர்த்திகள் தெர்மோஸ்டாட்டின் அடிவயிற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றன. வீடு சூடாகிவிட்டது என்று அது நம்பி ஃபர்னஸை நிறுத்திவிடுகிறது. ஃபர்னஸுக்கு ஒரு கேடும் இல்லை.

குளிர்காலம் முழுக்க அந்த நடைவழியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு அந்தச் சுரூபத்தைப் பார்த்திருக்கிறேன். பார்த்தபோது தெரியவில்லை. எழுதியபோதுதான் தெரிந்தது. எழுத்தைப் பற்றி நான் உருப்படியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. சுரூபம் அக்டோபர்வரை ஹாலில் இருந்தது. ஷெரோன் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் றோஸ்மேரி நேர்த்தி வைத்து, பிள்ளை பிறக்கும்வரை அசைப்பதில்லை என்று நடைவழியில் வைத்தார். மாதத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூட்டுவதாகவும் நேர்த்தி. மரியதாசன் முள்ளைக் கூட்டக் கூட்ட, மாதாவின் முன்னால் விளக்குகளும் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

இது பக்தியா, வேறு ஏதாவதா? என் கதாபாத்திரத்தை முதல்முறையாகச் சந்தேகப்பட்டேன்.

6

சந்தேகம் வந்தால் கதாபாத்திரத்திடமே கேட்டுவிடும் வசதி எழுத்தாளர்கள் பலருக்கு இல்லை. எனக்கு வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. மரியதாசன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தெர்மோஸ்டாட்டைக் காட்டினேன், மாதாவைக் காட்டினேன்.

றோஸ்மேரி நான் பயந்த அளவுக்குத் திடுக்கிடவில்லை.

"முதல் தெரியாது அண்ணை. மாதா அறிய எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள வாறவை போறவை கும்பிடட்டும் எண்டுதான் இதில வைச்சனான். பேந்து ஒரு நாள் மெழுகுதிரி அணைஞ்சு கிடக்க, வீடு நல்லாச் சூடாகிட்டுது. அப்பத்தான் விளங்கினது."

"அப்பவே எடுத்திருக்கலாமே?"

"அதுக்கு முதல் நாள்தான் அவர் ஏசிக்காரனுக்கு போன் அடிச்சவர்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த வீட்டுக்கு வந்த நாளில இருந்து கேக்கிறன் அண்ணை. எனக்கு வெக்கை எண்டா காத்தாடியைக் காட்டுவார். பிள்ளைக்கு வெக்கை எண்டு சொன்னன், யன்னலைத் திறக்கச் சொன்னார். தனக்குக் குளிர் எண்டவுடன மூண்டு கம்பனி வந்து நிக்குது." தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தார். "ஒரு மாரிதானே. நானும் அதே வீட்டுக்குள்ளதானே விறைக்கிறன்."

எனக்கு மரியதாசன் மேல் பரிதாபம் வந்தது. றோஸ்மேரி மேல் அதைவிட அதிகமாக வந்தது. இதை வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

"நீங்கள் அவரிட்டச் சொல்லப்போறியளே?" என்று கேட்டார்.

7

சொன்னால் என்ன ஆகும்? மெழுகுவர்த்திகள் நகரும், வீடு சூடாகும், காகிதங்கள் குப்பைக்குப் போகும், ஷெரோன் ஸ்கார்பரோவுக்குப் போவாள்.

உண்மையில் ஆக மலிவான வழி எந்தக் காகிதத்திலும் இல்லை. பழைய ஃபர்னஸை அப்படியே வைத்துக்கொண்டு அதே குழாய்களில் குளிர்ச்சியை மட்டும் சேர்த்தால் போதும். ஆனால் அதைச் சொல்ல ஃபர்னஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன மறுநிமிஷம் மரியதாசன் "அப்ப ஏசி என்னத்துக்கு?" என்பார். ஆக, எனக்குத் தெரிந்த ஒரே நல்ல ஆலோசனையை விழுங்கிவிட்டு இரண்டாவது காகிதத்தைச் சொன்னேன்.

கதைக்கும் இதே சிக்கல். மரியதாசன் தமிழில் அச்சாவது எதையும் விடமாட்டார். கிடங்கின் சாப்பாட்டு அறையில் கையுறையோடு பக்கம் புரட்டுகிறவர். அதனால் சில ஏற்பாடுகள் செய்து பார்த்தேன்.

(அ) பெயர்களை மாற்றினேன். மெழுகுவர்த்தி இருக்கும்வரை பெயர் எதுவானாலும் கண்டுபிடித்துவிடுவார்.

(ஆ) அவர்களைச் சென்னைக்காரர்களாக மாற்றிக் குத்துவிளக்கு வைத்தேன். "நம்மாளுங்க விளக்கை பூஜை ரூம்லதானே வைப்பாங்க, வாசல்லயா?" என்றாள் பத்மா. கதை அங்கேயே செத்துவிட்டது.

(இ) மரியதாசன் உண்மையை அறிந்து கோபத்தில் மெழுகுவர்த்திகளை ஊதி அணைக்கிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. கிழித்தேன்.

(ஈ) ஷெரோன் மனம் மாறி, ஏசி இல்லாவிட்டால் பரவாயில்லை அம்மா என்று —

இதை முடிக்கக்கூட இல்லை. அவள் வெயிலில் என் வீட்டுக் காரில் ஏறினால் முதலில் கை வைப்பது ஏசியில்தான்.

8

ஏப்ரலில் கையெழுத்துப் போடும் நாள். காகிதத்தை விளக்கிச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது மரியதாசன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். வெளியே இன்னும் அழுக்குப் பனி. பூட்ஸைக் கழற்றிவிட்டு, நடைவழியில் நின்றபடியே இரண்டு கைகளையும் மாதாவின் மெழுகுவர்த்திகளுக்கு மேல் காட்டிக் குளிர் காய்ந்தார்.

"அண்ணை, இந்த வீட்டில இந்த ஒரு இடம்தான் சூடு" என்றார்.

பிறகு தலையை உயர்த்தினார். அவர் கண்ணுக்கு நேரே தெர்மோஸ்டாட். முள்ளைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நான் கையிலிருந்த காகிதத்தில் புரியாத ஒரு பிரெஞ்சு வார்த்தையை மிகக் கவனமாகப் படித்தேன்.

"ஷெரோன் எப்ப வாறதெண்டவள்?" என்று மரியதாசன் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஜூலை தொடக்கத்தில" என்று றோஸ்மேரியின் குரல் வந்தது. "ஏசி பூட்டினா ஆஸ்பத்திரியில இருந்து நேர இங்கதான் வாறதெண்டவள்."

மரியதாசன் தலையை ஆட்டினார். மெழுகுவர்த்திகளில் ஓரத்தில் இருந்த ஒன்று அணைந்து கிடந்தது. மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அதைப் பற்றவைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"பேனையைத் தாங்கோ அண்ணை" என்றார்.

9

தெரிந்து ஏற்றினாரா, அணைந்த திரியைக் கண்ட எந்தக் கத்தோலிக்கரும் செய்வதைச் செய்தாரா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். பக்கத்து வீட்டோடு பழக்கம் போயிருக்கும்.

மிஷின் பொருத்தி முடியும்வரை இந்தக் கதையை யாருக்கும் அனுப்புவதில்லை என்று றோஸ்மேரியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அது பொருத்தியாகிவிட்டது. கிடங்கின் சாப்பாட்டு அறையில் மரியதாசனும் படித்துக்கொண்டிருக்கலாம். வணக்கம் மரியதாசன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. தெர்மோஸ்டாட் அதே சுவரில்தான் இருக்கிறது. ஜூலையிலும் மெழுகுவர்த்திகள் அதன் கீழேயே எரிந்தால், வீடு இன்னும் சூடாக இருக்கிறது என்று அது நம்பும், ஏசி நிற்காது, கைக்குழந்தை விறைத்துவிடும். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும், அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள், யாராவது மாதாவை மேசையோடு தூக்கிப் பழையபடி ஹாலில் வைக்க வேண்டும். ஜாக்கெட்டோடு படுத்த மனிதர் ஒருவர் அங்கே இருக்கிறார். வெங்காயம் உரித்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். இருவருமே வாயைத் திறக்கப்போவதில்லை.

யார் தூக்குவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், அந்த மேசை கொஞ்சம் கனம். ஒருவரால் தூக்க முடியாது.