நான்கு மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல, இன்னொருவர் கேட்டது. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்த மறுநாள், ஐ.சி.யூ.வில் என் படுக்கையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், நான் கதை எழுதுகிறவன் என்று என் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டார். என் விரலில் குத்தியபடியே ஆரம்பித்தார்.

"எல்லாக் கதையிலயும் ஆபரேஷன் பண்ற டாக்டர்தான் சார் வர்றாரு. அதுக்கப்புறம் மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பாக்கறவங்களைப் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்க."

"அதுல என்ன கதை இருக்கு சிஸ்டர்?"

"நூத்தி அறுபத்தி நாலு," என்றார். அது அந்த மணிக்கான என் அளவு. குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

வீடு திரும்பி ஐந்து வாரமாகிறது. மேசைமுன் உட்கார அனுமதி கிடைத்துவிட்டது. எழுதுகிறேன், அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்தான்.

2

முதல் தொடக்கம்: "இதயம் என்பது ஒரு—"

(வேண்டாம். இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அறுவை சிகிச்சை முடிந்தவனின் ரத்தத்தில் சர்க்கரை, கயிறறுத்த மாட்டைப் போல—"

(நான் எந்த மாட்டின் கிட்டேயும் போனதில்லை.)

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உடம்பை அறுத்தால் அது மிரண்டுபோய், சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கே அப்படி. எனக்குப் பதினோரு வருடமாக இருக்கிறது. அளவு ஏறினால் நெஞ்சுத் தையல் சீக்கிரம் ஆறாது, கிருமி குடிவரும். மிகவும் இறங்கினாலோ மூளைக்குத் தீனி இல்லாமல் ஆளே நினைவிழந்துவிடலாம். என் தலைமாட்டுத் தாளில் 'நூற்று நாற்பது முதல் நூற்று எண்பது வரை' என்று எழுதியிருந்தது. அந்த இடைவெளிக்குள் என்னை உட்கார வைப்பதுதான் நர்ஸின் வேலை. ஒரு சின்ன பம்பு என் நரம்புக்குள் இன்சுலினைத் துளித்துளியாக இறக்கிக்கொண்டிருக்கும். மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்து, வந்த எண்ணுக்கு ஏற்ப அவர் அதைக் கூட்டுவார், குறைப்பார்.

கட்டுரை மாதிரி ஆகிவிட்டது, தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆள் வரப்போகிறார்.

3

நர்ஸ் அப்படிச் சொன்ன அதே நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், என் மைத்துனன் உள்ளே வந்தான்.

நிற்க. மைத்துனன் வரவில்லை. வந்தவரை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால் அந்த இடத்துக்கு இவனை அனுப்பிப் பார்க்கிறேன்.

மைத்துனன் காத்திருப்போர் ஹாலில் ஓர் ஆரஞ்சு உரித்துத் தின்றுவிட்டு வந்தான். வாசலில் வைத்திருந்த கிருமிநாசினியைக் கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டான். "எப்படி இருக்கீங்க அத்தான்?" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு, என் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவியபடி இருபது நிமிடம்—

நடக்காது. இருபத்தெட்டு வருடத்தில் இவன் என் கையைத் தொட்டது இரண்டு தடவை, இரண்டும் டி.வி. ரிமோட்டைப் பிடுங்குவதற்கு.

(அடிக்குறிப்பு: இதை அவனிடமே படித்துக் காட்டினேன். "நான் எதுக்கு அத்தான் உங்க கையைப் பிடிக்கப் போறேன்?" என்றான். பாத்திரமே ஒத்துழைக்க மறுத்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்.)

பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினேன். பழைய அலுவலக நண்பரை அனுப்பினேன். நண்பர் மானிட்டரில் ஓடும் கோடுகளைப் பார்த்துப் பயந்து வாசலோடு திரும்பிவிட்டார். இந்தக் கதைக்கு, இருபது நிமிடம் கையை விடாத ஒருவர் வேண்டும். அப்படி எனக்கு இருப்பது ஒரே ஒருவர்.

4

ஆகவே, வந்தது என் மனைவி.

தம்பிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வாசலில் கிருமிநாசினி தேய்த்தாள். உட்கார்ந்ததும் என் இடது கையை எடுத்துக்கொண்டு, வீட்டில் மிக்ஸி பழுதான கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சு வலித்தது, முதுகு வலித்தது, தாகமாக இருந்தது. அப்படியும் அந்த இருபது நிமிடம் சுகமாக இருந்தது.

நான்கு மணிக்கு அவளை வெளியே அனுப்பிவிட்டு நர்ஸ் வந்தார். அதுவரை ரத்தம் எடுத்த மணிக்கட்டுக் குழாயை அன்று காலைதான் கழற்றியிருந்தார்கள். அதனால் விரல். இடது கை மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார், குத்தினார். 312.

இங்கே இரண்டு வழி இருக்கிறது.

வழி ஒன்று: நர்ஸ் புருவத்தைச் சுருக்கினார். மூன்று மணிக்கு ஒழுங்காக இருந்த மனிதர் எப்படி ஒரே மணியில் இவ்வளவு ஏறுவார்? விரலை முகர்ந்தார். கழுவச் செய்து, மறு கையில் குத்தினார். 158. எல்லோரும் சிரித்தோம்.

இது பொய். பார்க்க வருகிறவர்களிடம் ஐந்து வாரமாக நான் சொல்லிவரும் பொய்.

வழி இரண்டு: நர்ஸ் தாளில் போட்டிருந்தபடியே இன்சுலின் ஓர் ஊசி கொடுத்து, பம்பையும் கூட்டினார். முக்கால் மணி நேரத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. 58 என்று பின்னால் சொன்னார்கள். நர்ஸ் பம்பை நிறுத்தி, நரம்பில் குளூக்கோஸ் ஏற்றி, கால் மணியில் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் என் கையைத் தூக்கி முகர்ந்தார்.

"இங்க யாரு ஆரஞ்சு உரிச்சது?"

அவள் கையிலிருந்த சாறு என் விரலில் ஒட்டி, அதன் சர்க்கரையும் என் எண்ணோடு சேர்ந்துவிட்டது. கிருமிநாசினி கிருமியைத்தான் கொல்லும், பழச்சாற்றை எடுக்காது. ஸ்பிரிட் பஞ்சும் முழுசாக எடுக்காது. தண்ணீர்தான் எடுக்கும். நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தோம், அதில்தான் வந்தது வினை.

5

"சந்தேகம் வந்தப்பவே இன்னொரு விரல்ல பாத்திருக்கணும் டாக்டர். தப்பு என்னுது," என்று நர்ஸ் பெரிய டாக்டரிடம் சொன்னார். சொன்னதை அப்படியே நோட்டிலும் எழுதினார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

ஆனால் என் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. நான் உளறத் தொடங்கியதும் அவளை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

வீட்டில் தினமும் நாலு தடவை சர்க்கரை பார்க்கிறோம். கருவியையும் ஊசியையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு அவள் தள்ளி நின்றுகொள்வாள். சாப்பாடு, மாத்திரை, தையலுக்கு மருந்து எல்லாம் அவள்தான். கையை மட்டும் தொடுவதில்லை. தெருவைக் கடக்கும்போது சட்டையைப் பிடிக்கிறாள். (இது எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆனது. எழுத்தாளன் என்று பேர்.) எனக்கு வருத்தமாக இருந்தது, சொல்லியும் பார்த்தேன்.

"அதுல உன் தப்பு என்ன இருக்கு?"

"உங்களுக்கு என்ன தெரியும்? என்னைப் பாத்து, 'நீங்க யாரு'ன்னு கேட்டீங்க."

நான் ஊசியை எடுத்து விரலில் குத்திக்கொண்டேன்.

"கதை எழுதுங்க, நான் வேணாங்கல," என்றாள். "அதுல நான் வேணாம்."

6

முடிவு அ: மனைவி மனம் மாறி—

(யார் மாற்றியது? நானா? இத்தனை வருடத்தில் அவள் மனத்தை நான் எப்போது மாற்றியிருக்கிறேன்.)

முடிவு ஆ: நர்ஸ் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பக்குவமாக எடுத்துச் சொல்லி—

(அவருக்கு ஷிப்ட் இருக்கிறது. என் கதையைச் சரிபண்ண அவரால் வர முடியாது.)

வாசகரிடம் முடிவை விட்டுவிடுவது சோம்பேறித்தனம் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இன்று அதைத்தான் செய்யப்போகிறேன். ஏனென்றால், அவளை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுத முடியவில்லை, அவள் சம்மதிக்காமல் முடிக்கவும் முடியாது. அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த ஐ.சி.யூ.வில் ஒன்பது பேருக்கு மணிக்கு மணி விரலில் குத்தினார்கள். தப்பான எண் வந்தது எனக்கு மட்டும்தான். அந்த 312-இல் பாதிதான் என் சர்க்கரை, மீதி நீ உட்கார்ந்திருந்த இருபது நிமிடம். அதில் எனக்கு உயிர் போகப் பார்த்தது உண்மை. ஆனாலும் மற்ற எட்டுப் பேரைவிட நான் கொடுத்துவைத்தவன் என்றுதான் நினைக்கிறேன்.

இதோ, தாளையும் பேனாவையும் முதல் வாசகியிடம் கொடுக்கிறேன். இந்தக் கதை வெளியே போகலாமா, கூடாதா, எப்படி முடிய வேண்டும், எல்லாம் அவள் பொறுப்பு.

7

எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது. தப்பு மட்டும் திருத்துகிறேன். பழுதானது மிக்ஸி இல்லை, தண்ணீர் மோட்டார். ஆரஞ்சு உரித்தது தம்பிக்கு இல்லை, எனக்கு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். இருபது நிமிடமும் இல்லை, அரை மணிக்குக் கிட்ட. நர்ஸ் இரண்டு தடவை வந்து போகச் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

முதல் பாதியைக் கோபத்தோடு படித்தேன். மைத்துனன் பகுதிக்குச் சிரித்தேன். கடைசியில் எழுதியிருப்பதை வாயால் சொல்லியிருக்கலாம், ஐந்து வாரம் ஆகியிருக்காது.

இப்போது மணி நாலு பத்து. இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். குத்தியது நான். 146. முடிவை இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதுகிறேன் என்று இவர் பேனாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவருடைய வலது கையை நான் விட்டால்தானே.