திறந்து பார்த்த நாற்பது சிப்பிகள்

‘சூலா’ படகின் எஞ்சின் என் பொறுப்பு. சுக்கான் சிக்வால்டியின் பொறுப்பு. ஊரில் எல்லோருக்கும் அவன் வால்டி. பதினாறு வருடம் நாங்கள் இருவரும் பிரெய்தா விரிகுடாவில் விசிறிச் சிப்பி வாரினோம். இரும்புக்கூடையைக் கடலடியில் இழுத்து, மேலே தூக்கி, தளத்தில் கொட்டிப் பொறுக்குவோம். கரையில் ஆலை. அங்கே சிப்பியிலிருந்து நடுச்சதையைப் பிரிக்கும் வரிசைக்கு வால்டியின் மனைவி ஹில்டிகுன்னுர் மேற்பார்வை. அவளுக்குக் கீழே முப்பத்தொரு பெண்கள்.

சிப்பிகளுக்கு வந்த நோயை முதலில் கண்டுகொண்டது அவள்தான். ஒருநாள் மதியம் கையுறையோடு துறைமுகத்துக்கே வந்துவிட்டாள்.

“என்னத்த வாரிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்? இதப் பாருங்க.”

அவள் உள்ளங்கையில் இருந்த சதை சாம்பல் நிறமாக, ஊறிய காகிதம் போல நாராக இருந்தது. நல்ல சதை வெள்ளையாக, விரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும்.

“தண்ணி சூடாயிருக்கு, அதான்,” என்றான் வால்டி. “குளிர் வந்தா சரியாப் போயிடும்.”

சரியாகவில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் கூடையில் வெற்று ஓடுகள் ஏறிக்கொண்டே போயின. கீல் பிரியாமல், இரண்டு ஓடும் சேர்ந்தபடி, உள்ளே சேறு மட்டும். செத்து அதிக நாளாகாதவை அப்படித்தான் வரும். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து சோல்ரூன் என்ற பெண் வந்து சதைத் துணுக்குகளை எடுத்துப்போனாள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி சதைக்குள் பெருகித் தின்கிறது, வயதான சிப்பிகளைத்தான் அதிகம் சாய்க்கிறது என்று சொல்லி அனுப்பினாள். மனிதன் தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் தின்பதற்கு அதில் என்ன மிஞ்சுகிறது?

2003 ஏப்ரலில் அவள் மறுபடி வந்தாள். வருடாந்திரக் கணக்கெடுப்புக்கு எங்கள் படகைத்தான் அமர்த்தியிருந்தார்கள். அது முடிந்ததும் ஊர்க்கூட்டம், அதன் பிறகு அந்த வருடம் எவ்வளவு பிடிக்கலாம் என்ற முடிவு. ஒன்றும் பிடிக்கக் கூடாது என்று வரப்போவதாக ஊரெங்கும் பேச்சு.

நான்கு நாள் இழுத்தோம். நான்கு நாளும் ஓடுகள்தான். ஐந்தாம் நாள் காலைச் சாப்பாட்டில் வால்டி வெண்ணெய் தடவிய கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், கடிக்கவில்லை.

“எப்படியும் சாகப்போற சிப்பி. அத நாங்க எடுத்தா என்ன, கடலடியில அழுகினா என்ன? நீயே சொல்லும்மா,” என்றான் சோல்ரூனிடம்.

“எல்லாம் சாகாதுங்க. சிலது தாக்குப்பிடிக்கும். அதுதான் முட்டை விடணும்.”

“சரி, அத விட்டுடறோம். சீக்கானத மட்டும் எடுத்துக்கறோம்.”

அவள் காபியை ஆற்றினாள்.

வால்டி என்னைத் தனியாக எஞ்சின் அறைக்கு இழுத்துப்போனான். “டோர்ஃபி, தட்டைப் பாறைக்குப் போயிடலாமா?”

தீவுகளுக்கு நடுவே, நீரோட்டம் சுழித்து ஓடும் இடத்தில் தட்டைப் பாறை. அதன் அடிவாரத்தில் சிப்பிப் படுகை இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வருடமாக அங்கே கூடை இறக்கவில்லை. இந்தச் சிப்பி பிடிக்கிற அளவு வளரவே ஏழெட்டு வருடம் ஆகும். வேறு எதுவும் கிடைக்காத வருடத்துக்கு என்று விட்டுவைத்திருந்தோம்.

“அவகிட்டயா காட்டப்போற? நாளைக்கே வரைபடத்துல ஏறிடும்டா.”

“ஏறட்டும். அங்க சுத்தமா இருந்தா மூட மாட்டாங்க. இல்லன்னா எனக்கு வேற வழி தெரியல. ஹில்டிகுன்னுர் மூஞ்சியப் பாத்தியா? ராவெல்லாம் அவ தூங்கறதே இல்ல.”

போனோம். காற்று அடங்கியிருந்தது. கூடையை இறக்கியதும் கம்பி விறைத்தது. வால்டியின் முகத்தில் பல மாதங்களாகக் காணாத வெளிச்சம். “கனமா வருதுடா!” என்று கத்தினான்.

கனம் இருந்தது. தளத்தில் கொட்டியபோது பாதிக்குமேல் வெற்று ஓடு. மீதியில் பெரும்பாலும் கட்டைவிரல் நக அளவுக் குஞ்சுகள். அவற்றில் பல கூடையின் இரும்பில் நசுங்கிப்போயிருந்தன. உயிரோடிருந்த பெரிய சிப்பிகளைப் பொறுக்கினோம். மூன்று முறை இழுத்ததில் நாற்பது தேறின. பார்வைக்கு நாற்பதும் அழகாக இருந்தன. தட்டினால் ஓடு இறுக மூடிக்கொண்டது.

“பாத்தியா? எல்லாம் கல்லு மாதிரி இருக்கு,” என்றான் வால்டி. “எழுதிக்கோம்மா. நாப்பதும் நல்லது.”

“திறந்து பாக்கணுங்க.”

அவள் கத்தியை எடுத்தாள். முதல் சிப்பி சாம்பல். இரண்டாவது சாம்பல். வால்டி அவள் எதிரே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பதினேழாவதை அவள் திறந்தபோது பால்போல வெள்ளை. அவன் “ஆ!” என்று என் தோளைப் பிடித்து அழுத்தினான். பிறகு மறுபடி சாம்பல், சாம்பல். நாற்பது முடிந்தபோது மேசையில் மூன்று வெள்ளைச் சதைகள் தனியாக இருந்தன.

வால்டி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த மூணும் பொழச்சிருக்கும் இல்ல?”

“இருக்கலாம். முட்டையும் விட்டிருக்கும்.”

“மேல பாத்து கண்டுபிடிக்க வழியே இல்லியா? ஓட்டுல, கனத்துல, எதுலயாவது?”

“இல்லீங்க. நல்லதான்னு தெரிஞ்சுக்கணும்னா கொல்லணும்.”

அவன் தளத்தில் கிடந்த குஞ்சுகளை மண்வாரியால் அள்ளிக் கடலில் போட்டான். நசுங்கியதையும் சேர்த்துத்தான் போட்டான். பிறகு மீன்பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். திரும்பும் வழி முழுக்க நான்தான் சுக்கான் பிடித்தேன்.

மறுவாரம் ஊர்க்கூட்டம். மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஆலைக்காரர் எழுந்து, வால்டி படகில் சொன்ன அதே வாதத்தைச் சொன்னார். எப்படியும் சாகும், அழுகுவதற்கு முன் எடுப்போம். கைதட்டல் காதைப் பிளந்தது. ஹில்டிகுன்னுரும் தட்டினாள்.

வால்டி எழுந்தான். ஆதரித்துப் பேசப்போகிறான் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நானும் இதத்தான் சொல்லிட்டிருந்தேன்,” என்றான். “சீக்கானத எடுத்து நல்லத விட முடியாதுங்க. நாப்பதத் தொறந்தோம். மூணு நல்லது இருந்துச்சு. அந்த மூணயும் நானே என் கையால எடுத்துக் குடுத்துக் கொன்னேன். கூடைய இறக்கினா அதேதான் நடக்கும். குஞ்சும் நசுங்குது. இன்னிக்கு நசுங்கற குஞ்சுக்குப் பதிலா ஒண்ணு வளர எட்டு வருஷம் ஆகும். மூடிருங்க.”

“உன் பொண்டாட்டி வேலையையும் சேத்தா மூடச் சொல்ற?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“ஆமா,” என்றான் வால்டி.

வெளியே, பனித்தூறலில், ஹில்டிகுன்னுர் அவனை மறித்தாள். “மூடறவங்க மூடியிருப்பாங்க. நீ ஏன்யா வாயத் தொறந்த? நாளைக்கு அந்த முப்பத்தொரு பேர் முன்னாடி நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?”

“எனக்குப் பொய் சொல்ல வரல, ஹில்டா.”

“யாரு பொய் சொல்லச் சொன்னா? சும்மா உக்காந்திருக்கலாமில்ல!”

அந்த இலையுதிர் காலத்திலிருந்து விரிகுடா மூடப்பட்டது. சிப்பி வரிசையும் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஹில்டிகுன்னுர் தனியாகப் போய், தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து, அவள் கூப்பிடாமலே, வால்டியும் கிளம்பிப்போனான். கதவைத் திறந்தவள் அவனுக்குச் சூப் ஊற்றி வைத்தாளாம். அவனே போனில் சொன்னான். அங்கே அவன் பஸ் ஓட்டுகிறான்.

நான் ஏப்ரல் தோறும் சோல்ரூனோடு கணக்கெடுப்புக்குப் போனேன். மூடிய பிறகும் வருடக்கணக்கில் சாவு நிற்கவில்லை. மூடியது வீண் என்று ஊரில் பேசினார்கள். சில இரவுகளில் நானும் அப்படி நினைத்தேன். ஒன்பதாவது வருடம்தான் இளசுகளில் வெள்ளைச் சதை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. கரைக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன்.

“எத்தன தொறந்தீங்க?” என்றான்.

“அறுபது. இருபத்திரண்டு நல்லது.”

போனில் அவன் பஸ்ஸின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

“அடுத்த வருஷம் கொஞ்சமாத் தொறங்கடா,” என்றான். “ஆளுங்க ஏறிட்டாங்க. வைக்கிறேன்.”