பசி எடுக்காத சாம்பியன்

எல்க் பெண்ட் ஊரில் யார் வீட்டுப் புல்வெட்டும் மெஷின் நின்றுபோனாலும் ஆர்லனிடம்தான் கொண்டுவருவார்கள். அவன் கை வைத்தால் ஓடாத எஞ்சின் கிடையாது. ஆனால் கை வைக்க வேண்டுமே! ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு அதற்கு ஒரு திருகு தேடிப் போவான். தேடுகிற இடத்தில் பழைய ரேடியோ ஒன்று கண்ணில் படும். அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவான். கோடையில் கொடுத்த மெஷின் பனி கொட்டும்போது திரும்பி வரும். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், பழகிவிட்டார்கள்.

மனைவி கோரின் மட்டும் பழகவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். வசந்தத்தில் ஒருநாள் பெட்ரோல் பங்கில் அவள் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள், கூட வந்தவளை மறந்து ஆர்லன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மறுவாரமே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நீல்சன் நிறையக் கேள்விகள் கேட்டார், சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்டார், இதயத்தைச் சோதித்தார். கடைசியில், “இது சோம்பேறித்தனம் இல்ல, ஏடிஹெச்டி. கவனம் ஒரு இடத்துல நிக்காது. இவ்வளவு வருஷம் இதோட எப்படிச் சமாளிச்சீங்க?” என்றார்.

அப்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை. ஆர்லன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் கோரின் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். சரிசெய்த மெஷின்கள் வாசலில் வரிசையாக நின்றன. கொட்டகைக்குத் தரை என்று ஒன்று இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, சாப்பாட்டைத் தவிர. மத்தியானம் தட்டு முன்னால் உட்கார்ந்தால் யாரோ ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துவிட்ட மாதிரி இருக்கும். வாய் மரக்கட்டையாய்க் காயும். ஜீன்ஸ் இடுப்பில் நிற்க மறுத்தது.

வேறு யாருக்காவது என்றால் போகட்டும் என்று விடலாம். ஆர்லன் சோளம் தின்பதில் சாம்பியன். ஆகஸ்டில் நடக்கும் திருவிழாவில் எல்க் பெண்ட் தீயணைப்புக் குழுவுக்கும் பக்கத்து ஊர் டன்மோர் குழுவுக்கும் போட்டி. வெந்த சோளக்கதிரை யார் அதிகம் தின்கிறார்களோ அவர்கள் ஊருக்கு வெற்றி. தோற்ற ஊர், ஜெயித்த ஊரின் தீயணைப்பு வண்டியை எல்லோரும் பார்க்கக் கழுவித் துடைக்க வேண்டும். வருஷா வருஷம் டன்மோர்க்காரர்கள்தான் வாளியோடு நின்றார்கள். காரணம் ஆர்லன்.

குழுத் தலைவன் ராய்ஸ், கோரினின் அண்ணன். ஜூலை முடியும்போது ஒரு கூடை சோளத்தோடு வந்தான்.

“என்ன மச்சான், பயிற்சி ஆரம்பிக்கலாமா?”

ஆர்லன் ஒரு கதிரை வெண்ணெயில் புரட்டிக் கடித்தான். மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். இரண்டாவது கதிர் பாதியில் நின்றது. மிச்சத்தையெல்லாம், வீணாய்ப் போகக் கூடாதே என்று, பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த கோரின் பேசிக்கொண்டே தின்று முடித்தாள்.

“டன்மோர்க்காரன் கேள்விப்பட்டா மேளம் அடிப்பான்,” என்றான் ராய்ஸ். “அந்த மாத்திரைய நிறுத்தித் தொலையேன்.”

நிறுத்த ஆர்லனுக்கு மனமில்லை. பெட்ரோல் பங்க் ஞாபகம் இருந்தது. அதனால் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். காலையில் போட்டால்தானே மத்தியானம் பசிக்காது? சாயங்காலம் போட்டுக்கொண்டால்? கோரினிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாத்திரை போடவில்லை; மத்தியானம் உண்மையிலேயே பசித்தது. ஐந்து கதிர் தின்றான். சாயங்காலம் மாத்திரையை விழுங்கினான். படுத்தால் கண் மூடவே இல்லை, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

காலையில் தலை கனத்தது. மெஷினைக் கேட்டு ஒருவர் காத்திருந்தார். ஒரு பெரிய குவளை காபி குடித்தான். போதவில்லை, இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. பழக்கதோஷத்தில் காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டான். வெறும் வயிறு வேறு.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல அடித்துக்கொண்டது. கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது. ஆர்லன் அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, “கோரின்!” என்று கத்தினான்.

அவள் ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், மூன்று குவளைகளைப் பார்த்தாள். “என்ன பண்ணித் தொலைச்ச?” என்று கேட்டுக்கொண்டே காரைக் கிளப்பினாள். வழியெல்லாம் அவன் ஒன்று விடாமல் சொன்னான். அவள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பெரிய ஆபத்து எதுவும் இல்லை. நாடிதான் குதிரை மாதிரி ஓடியது. அது அடங்கும்வரை படுக்கவைத்துவிட்டு டாக்டர் நீல்சன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் ஒண்ணு, காலையில ஒண்ணு, நடுவுல ஒரு காபித் தோட்டம். உங்க மெஷின்ல யாராவது இப்படி ரெண்டு மடங்கு பெட்ரோல ஊத்தினா என்ன சொல்வீங்க?”

“கெட்ட வார்த்தையில சொல்வேன், டாக்டர்.”

“நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.” அவர் சிரிக்கவில்லை, ஆனால் கண் சிரித்தது. “பசி போறது, வாய் காயுறது, தூக்கம் கெடுறது, இதெல்லாம் இந்த மருந்துக்கு உண்டு. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா சரிபண்ணியிருப்பேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்? அளவைக் கொஞ்சம் குறைக்கிறேன். எழுந்ததும் முட்டையோ ரொட்டியோ நல்லாச் சாப்பிட்டுட்டு, அப்புறம் மாத்திரை. மத்தியானம் ஒரு வாய் போதும். மருந்தோட வேகம் சாயங்காலம் இறங்கிடும், அப்ப பசிக்கும், அப்ப சாப்பிடுங்க. காபி காலையில ஒரு குவளை, அதோட சரி. நாடியும் எடையும் நான் பார்த்துக்கிட்டே இருக்கணும். நெஞ்சு வலிச்சாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.”

“போட்டி அன்னிக்கு மட்டும் மாத்திரைய விட்டுட்டா?”

“இப்பதான் அளவை மாத்தியிருக்கு. எடை வேற இறங்கியிருக்கு. இந்த வருஷம் உங்க வயித்தை விட்டுடுங்க. அடுத்த வருஷம் பேசலாம்.”

ஆர்லன் முகம் சுருங்கிப்போனது. காரில் ஏறியதும் கோரின் வாயைத் திறந்தாள். “வண்டியைக் கழுவினா கழுவிட்டுப் போறோம். நீ கொட்டகைத் தரையில உட்கார்ந்து கத்தினதை இன்னொரு தடவை நான் பார்க்க மாட்டேன்.” அப்புறம் அவன் தோளில் ஓர் அடி போட்டாள். அடித்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

செய்தி கேட்டு ராய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான். புலம்பி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, “சரி, உனக்குத்தான் ஆகல. எனக்கு ஒண்ணு குடேன். அறுவடை வேலை தலைக்கு மேல கிடக்கு. தூங்காம முடிச்சிடுவேன்,” என்றான்.

“உனக்குப் பிரஷர் மாத்திரை எத்தனை வருஷமா ஓடுது?”

“அது இருக்கட்டும்.”

“அது இருக்குறதாலதான் சொல்றேன். இது என் உடம்பைப் பார்த்து எழுதினது. எனக்கே நெஞ்சு இப்படி அடிச்சுது, உனக்கு என்ன ஆகும்? கோபிச்சுக்கோ மச்சான், பரவாயில்ல. இந்த மருந்தை அடுத்தவனுக்குக் குடுக்கச் சட்டமும் விடாது, நானும் விட மாட்டேன்.”

ராய்ஸ் முணுமுணுத்தான். ஆனால் மறுநாள் ஆர்லனே அவன் வயலுக்குப் போய், நின்றுபோயிருந்த வைக்கோல் கட்டு கட்டும் இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்தான். அறுவடை பகலிலேயே முடிந்தது.

இனிப் போட்டிக்கு ஆள்? குழுவில் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒருவனுக்குப் பல் ஆடியது, ஒருவன் நான்காவது கதிரில் அழுதான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கோரின் சலித்துப்போய், “அதை இப்படிக் குடு,” என்று உட்கார்ந்தாள். ஆர்லன் தின்னாமல் விட்டதையெல்லாம் அந்தக் கோடை முழுக்கத் தின்று பழகியவள். தட்டச்சு மெஷின் மாதிரி வரிசை வரிசையாகப் போனாள். ராய்ஸ் வாயைப் பிளந்தான்.

“இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?”

“யாரு கேட்டீங்க?”

போட்டி அன்று ஆர்லன் வயிறு நிறைய முட்டை சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, அவள் பின்னால் நின்றான். பக்கத்தில் ராட்டினம் சுற்றியது, பேண்டு வாசித்தது, எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமியது. முன்பென்றால் அவன் அந்த ஜெனரேட்டரைத் தேடிப் போயிருப்பான். இன்று கண் அவள் தட்டை விட்டு நகரவில்லை. “மெதுவா மென்னு... தண்ணி குடி... அவன் மூச்சு வாங்குறான், நீ போ!” டன்மோரின் ஆள் நல்ல மலை மாதிரி இருந்தான். போட்டி முடியும் மணி அடிக்கச் சற்று முன்னால் அவன் ஒரு கதிரைக் கையில் பிடித்து, தூரத்துச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். கோரின் அடுத்ததை எடுத்தாள்.

டன்மோர்க்காரர்கள் மறுபடியும் வாளியோடு வந்தார்கள். கூட்டம் கைதட்டியது. ராய்ஸ் வண்டியின் மேல் ஏறி, இங்கே அழுக்கு, அங்கே அழுக்கு என்று கைகாட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஆர்லனின் வயிறு இரைந்தது. மிச்சக் கூடையிலிருந்து ஒரு கதிரை எடுத்து, உப்புத் தூவி, அவசரமில்லாமல் கடித்தான். இனித்தது. எத்தனையோ வருஷமாகச் சோளம் தின்றிருக்கிறான், அதன் ருசியைக் கவனித்ததில்லை.

“உனக்கு ஒண்ணு?” என்று பக்கத்தில் நீட்டினான்.

கோரின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அதை என் கண்ணுல காட்டினே, பெட்ரோல் பங்குல உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்.”